என்கிற

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது கல்லாறு. ஆற்றில் கோடையில் தண்ணீரைவிடக் கல்தான் அதிகம். மூலை மழுங்கிய பெரும்பாறைகளுக்கு இடையில் நீர் வழி கேட்டுக்கொண்டு போகிறது. பெயரைச் சரிபார்க்க வேண்டிய தேவையே இல்லாத ஊர் என்று சொல்லலாம். அங்கே ஒரு தேநீர்க் கடையில் வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் என் கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தது. வேலை தொடர்பாக நான் கணக்கு வைத்திருக்கும் ஒரு தளம், என் உண்மைப் பெயரை உறுதிசெய்யும்படி கேட்டிருந்தது. உறுதிசெய்தால் பெயருக்கு அருகே ஒரு குறி போடுவார்கள், அதைப் பார்த்து மற்றவர்கள் என்னை நம்புவார்கள் என்று விளக்கமும் இருந்தது. சரி என்று அழுத்தினேன். ஆறு இலக்க எண் ஒன்று வரும் என்றது. காட்டின் விளிம்பில் சமிக்ஞை ஒரு கோடு வந்து ஒரு கோடு போய்க்கொண்டிருந்தது, எண் வரவில்லை.

கடைக்கார அம்மா தேநீரை வைத்துவிட்டு, "அண்ணாச்சிக்கு வீடு எவிடயா?" என்று கேட்டார். நாகர்கோவில் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவருடைய தங்கை மகளை மார்த்தாண்டத்துப் பக்கம்தான் கட்டிக்கொடுத்திருக்கிறதாம். பேச்சு அதோடு முடிந்தது. நான் தமிழன் என்பதை வாயைத் திறக்கும் முன்பே கண்டுகொண்டவர், என் பெயரைக் கடைசிவரை கேட்கவில்லை.

எண் வந்துசேர்ந்தது மறுநாள், ஊருக்குத் திரும்பிய பிறகு. அடையாள அட்டையின் படத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். முகத்தை இடமும் வலமும் திருப்பச் சொன்னார்கள், திருப்பினேன். பிறகு, பெயர் பொருந்தவில்லை என்றார்கள். பொருந்தாதுதான். பள்ளிச் சான்றிதழில் நான் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் முன்னால் நிற்கும் பெயர். வருமான வரிக்கான பான் அட்டை விண்ணப்பம் சுருக்கெழுத்துகளை ஏற்பதில்லை. அங்கே அந்த ஓர் எழுத்து விரிந்து முழு அப்பாவாகி, குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆதாரில் அப்பா முன்னாலும் நான் பின்னாலும். தளத்தில் நான் எனக்குத் தெரிந்த முறையில் என் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். மூன்று தாள்கள், மூன்று மனிதர்கள். இவர்களில் உண்மையானவர் யார் என்று ஓர் இயந்திரம் கேட்கிறது. இன்றும் வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சல்கள் என் அப்பாவைத்தான் நலம் விசாரிக்கின்றன. அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கடம் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க அப்படித் தோன்றவில்லை. நம் பெயர்களின் பின்பக்கம் வெறுமையாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை ஒட்டிக்கொள்வதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானங்கள் பலவும் தாளோடு நின்றுவிடுகிற நாட்டில், இது ஓரிரு தலைமுறைக்குள் பெரும்பாலும் நடந்தே விட்டது. தமிழ்நாட்டில் ஒருவருடைய பெயரை மட்டும் கேட்டு அவர் சாதியைச் சொல்வது, இந்தியாவின் மற்ற பல பகுதிகளைப் போல அத்தனை எளிதல்ல. சாதி போய்விட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு கேள்வியின் இடைவெளியில் பலர் படித்தார்கள், வாடகைக்கு வீடு பிடித்தார்கள், வேலைக்குச் சேர்ந்தார்கள். உலகத்துக்கெல்லாம் பொதுவாக எங்கோ தயாரிக்கப்பட்ட ஒரு படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு, நிரப்பாமல் மேலே போக முடியாது என்று சொல்கிறபோது, நாம் மெனக்கெட்டுக் காலிசெய்த இடம் அது என்பது படிவத்துக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. நிரப்பிவிட்டுப் போனோம்.

இப்படிச் சொல்லும்போது, கல்லாற்றுத் தேநீர்க் கடையில் நடந்ததை நான் பொற்காலமாக்கிவிடக் கூடாது. "வீடு எங்கே?" என்ற கேள்வி எல்லோரிடமும் ஒரே மாதிரி போய் நிற்பதில்லை. நம் ஊர்ப் பேருந்துகளில் அது "எந்த ஊர்?" என்று தொடங்கி, "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று நகர்ந்து, "அப்படியானால் இன்னாருக்கு என்ன வேண்டும்?" என்று முடியும், முடிகிறபோது கேட்டவர் தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டிருப்பார், சொன்னவர் சில சமயம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அட்டையும் கைரேகையும் இல்லாத காலத்தில் மனிதர்கள் சரிபார்க்கப்படாமல் இருந்தார்கள் என்பது பொய். ஊரே சரிபார்த்தது. அந்தச் சரிபார்ப்பிலிருந்து தப்பித்துத்தான் பலர் நகரத்துக்குப் போனார்கள். நகரத்திலும் முடியாதபோது, பெயரை மாற்றிக்கொண்டு பேசக் கிடைத்த இடமாக இணையம் வந்தது.

உண்மைப் பெயர் கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பெண் தன் கருத்தை நான்கு வரி எழுதினால், முகமற்ற நாற்பது பேர் வந்து என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும், தெரிந்தும் பழகிவிட்டோம். பெயரும் முகமும் வெளியே தெரிந்தால் மனிதன் கொஞ்சம் வெட்கப்படுவான் என்ற நம்பிக்கை அந்தக் கோரிக்கைக்கு அடியில் இருக்கிறது. நல்ல நம்பிக்கைதான். அதைச் சட்டமாகவே செய்து பார்த்த நாடு தென்கொரியா. 2007இல், நாளுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் தளங்களில் எழுத வேண்டுமானால் குடிமக்கள் பதிவெண்ணோடு பெயரை உறுதிசெய்ய வேண்டும் என்று விதித்தார்கள். பிறகு வரம்பை ஒரு லட்சமாகக் குறைத்தார்கள். 2011 ஜூலையில் அங்கே நேட், சைவேர்ல்டு என்ற இரண்டு சேவைகளின் கணினிகள் ஊடுருவப்பட்டு ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. நாட்டின் மக்கள்தொகையே சுமார் ஐந்து கோடி. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதாக அந்த விதியை ரத்துசெய்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படி குறைந்ததற்குச் சான்று இல்லை என்பது அதன் காரணங்களில் ஒன்று. வசைபாடுகிறவன் தன் பெயரோடு வசைபாடக் கற்றுக்கொள்கிறான் என்று புரிந்துகொள்ள நமக்குக் கொரியா வரை போக வேண்டியதும் இல்லை. சொந்தப் படம், குழந்தையோடு எடுத்த குடும்பப் படம், படித்த கல்லூரி, பார்க்கும் வேலை எல்லாவற்றையும் முகப்பில் வைத்துக்கொண்டே, யாரோ ஒரு பெண்ணை என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதுகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்குத் தங்கள் பெயர் தடையாக இல்லை; அந்தப் பெயருக்குப் பின்னால் ஊர் நிற்கும் என்ற தைரியமே அவர்களை எழுத வைக்கிறது. வெட்கம் என்பது பெயரில் இருந்து வருவதில்லை, யாருக்கு முன்னால் நிற்கிறோம் என்பதில் இருந்து வருகிறது போலும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவில் ஒரு சிம் வாங்க அடையாளச் சான்று தர வேண்டும். அந்த எண் இல்லாமல் பெரும்பாலான கணக்குகளைத் திறக்க முடியாது. ஆகவே புனைபெயரில் எழுதுகிற ஒருவர் காவல்துறைக்கு மறைந்தவர் அல்ல. உரிய வழியில் தேடினால் பெரும்பாலும் அகப்படுவார். அவர் மறைந்திருப்பது மாமனாரிடம், மேலாளரிடம், எதிர்வீட்டுக்காரரிடம். 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய சமூக ஊடகங்கள் தம் பயனர்களுக்குத் தாமாக விரும்பினால் கணக்கை உறுதிசெய்துகொள்ளும் வசதியைத் தர வேண்டும், உறுதிசெய்தவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் குறி ஒன்று போட வேண்டும் என்கின்றன. விருப்பம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் தெருவில் பாதிப்பேர் விருப்பத்தோடு விளக்கு ஏற்றிவிட்டால், இருட்டாக இருக்கும் வீட்டைப் பற்றிப் பேச்சு எழத்தான் செய்யும். 2017 டிசம்பரில் ஃபேஸ்புக் இந்தியாவில் புதிதாகச் சேரும் சிலரிடம், ஆதாரில் உள்ளபடி பெயரை எழுதுமாறு ஒரு குறிப்பைக் காட்டிப் பார்த்தது. எதிர்ப்பு வந்ததும், அது சிறு சோதனை, கட்டாயம் இல்லை, முடிந்துவிட்டது என்றது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லி அப்போது ஏறத்தாழ நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 2023 ஜூனில் அதே நிறுவனம் அடையாள அட்டையைச் சரிபார்த்து நீலக் குறி தரும் சேவையை இந்தியாவில் தொடங்கியபோது, கைப்பேசி வழிச் சந்தா மாதம் 699 ரூபாய். நான் நான்தான் என்பதற்கு மாதாமாதம் கட்டணம் உண்டு. தவறினால் அடுத்த மாதம் நான் யாரோ.

பெயருக்கும் பாதுகாப்புக்கும் உள்ள உறவை நம்மவர்கள் வேறு விதமாகவும் யோசித்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்த பிள்ளைக்குக் குப்பை என்றோ பிச்சை என்றோ மண்ணாங்கட்டி என்றோ பெயர் வைத்தார்கள். எமன் இதை ஒரு பொருட்டாக எண்ணாமல் போய்விடுவான் என்பது கணக்கு. மேலே ஒரு பேரேடு இருக்கிறது, அதில் பெயர் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று நம்பிய சமூகம், அந்தப் பேரேட்டை ஏமாற்றுவது தாயின் கடமை என்றும் நம்பியது. அந்தக் குப்பன்கள் பிழைத்து வளர்ந்தார்கள், அந்தப் பெயராலேயே நிலம் வாங்கினார்கள், பேரப்பிள்ளைகளுக்கும் அதையே வைத்தார்கள். பொய்யாக வைத்த பெயர்தான் அவர்களுக்கு உண்மைப் பெயராயிற்று.

இலக்கணத்திலும் இதற்கு இடம் இருந்தது. அகப்பாடல்களில் காதலிக்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் இயற்பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. போர், கொடை, புகழ் இவற்றைப் பாடும்போது பெயர் வரலாம். உள்ளே நடப்பதற்குப் பெயர் வேண்டாம். உரையாசிரியர்கள் இதில் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்றால், பத்துப்பாட்டில் உள்ள நெடுநல்வாடையில் தலைவனின் பெயரே கிடையாது. ஆனால் வேலில் வேம்பு சூடியிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியர் மாலை. ஆகவே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, இது அகம் ஆகாது, புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தழை போதும் ஒருவரைக் காட்டிக்கொடுக்க என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. குறுந்தொகையின் மிகப் புகழ்பெற்ற பாடல்களில் ஒன்றை எழுதியவரின் பெயரோ நமக்குத் தெரியாது. பாட்டில் வரும் தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று வைத்துவிட்டார்கள். இன்றைய படிவம் அவரை ஏற்காது. கடைசிப் பெயர் இல்லை, ஆதாரம் இல்லை, எழுதியது மட்டும் இருக்கிறது.

இது பழங்கதை என்று தள்ளுபவர்களுக்கு, துவரங்குறிச்சியைச் சொல்ல வேண்டும். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில், பருவமடைந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு பெண், திருமணத்துக்குப் பிறகு குடும்பத்துக்குத் தெரியாமல் கவிதை எழுதி, சல்மா என்ற பெயரில் வெளியிட்டார். 2000இல் முதல் தொகுப்பு வந்தது. அடுத்த ஆண்டே அவர் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். அவருடைய உண்மைப் பெயரை உறுதிசெய்தால்தான் அச்சேற்றுவோம் என்று யாராவது அன்று கேட்டிருந்தால், அந்தக் கவிதைகள் இருந்திருக்காது. அந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஒரு பெரிய உண்மை தெரிந்திருக்கும். 2025இல் அவர் மாநிலங்களவைக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, வேட்பாளர் அறிவிப்பில் ரொக்கையா மாலிக் என்கிற கவிஞர் சல்மா என்று இருந்தது. அந்த 'என்கிற' எனக்குப் பிடித்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்களுக்கு நடுவே முதல் தகவல் அறிக்கையில் வருகிற அதே சொல். ஒரு மனிதருக்கு வீட்டில் ஒரு பெயரும் வெளியில் ஒரு பெயரும் இருக்கக்கூடும், இரண்டும் அவர்தான் என்று ஒத்துக்கொள்கிற பெருந்தன்மை நம் காவல் நிலையங்களுக்குக்கூட இருந்திருக்கிறது. பெயர் கேட்கும் பெட்டிகளில்தான் இன்னும் அதற்கு இடமில்லை.

கல்லாற்றுக்கு வருகிறேன். அந்தக் கடையைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் காணிக்காரர்களின் குடியிருப்புகள். அகத்தியமலையின் இரண்டு சரிவிலும் வாழ்கிறவர்கள் அவர்கள்; இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயருக்கு அருகே ஓர் அடைப்புக்குறி உண்டு: கன்னியாகுமரி மாவட்டத்தில், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களில் என்று. வட்டத்தின் எல்லையைத் தாண்டினால், அதே மனிதர், அதே மொழி, அதே தெய்வம். பட்டியல்படி பழங்குடி அல்ல. பெயர் ஒன்றே போதாது, எங்கே நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்கிறாய் என்பதும் சரிபார்க்கப்படுகிறது. 1987இல் இந்த மலைகளில் ஆய்வுக்கு வந்த அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் களைப்பே இல்லாமல் நடப்பதையும் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டிருப்பதையும் கவனித்துக் கேட்டபோது, அவர்கள் உடனே சொல்லிவிடவில்லை. அது வெளியாளுக்குச் சொல்கிற பெயர் இல்லை. பிறகு சொன்னார்கள். பக்கத்தில் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆரோக்கியபச்சை என்ற அந்தச் செடியிலிருந்து மருந்து செய்தது, கிடைத்ததில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாகி, 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. நியாயமாக நடந்துகொண்டதற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். செடியின் அறிவியல் பெயரின் பின்பாதி இலங்கையைக் குறிக்கிறது. காணிகளின் பெயர் அதில் இல்லை.

அதே காணிச் சமூகத்தில் பிறந்து, கல்லாற்றுக் காட்டிலேயே இருந்து விஷக்கடிக்கு வைத்தியம் பார்த்தவர் லட்சுமிக்குட்டி அம்மா. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மருந்துகளை நினைவில் வைத்திருந்தவர் என்று எழுதினார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்; பட்டியலில் முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாத ஒற்றைப் பெயர். பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு அந்தக் காட்டுப் பாதையில் நடந்தவர்கள், அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது குறி இருக்கிறதா என்று பார்த்திருக்க மாட்டார்கள். முன்பு போனவர்கள் பிழைத்து வந்தார்கள், அதனால் இவர்களும் போனார்கள். நம்பிக்கை அந்த வரிசையில் வந்தது. குறியைப் பார்த்து நம்பினால் என்ன ஆகும் என்பதை ட்விட்டர் 2022 நவம்பரில் காட்டிவிட்டது: எட்டு டாலருக்கு யார் வேண்டுமானாலும் குறி வாங்கலாம் என்றானதும், ஒரு பெரிய மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒருவர் கணக்குத் தொடங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று நீலக் குறியோடு அறிவித்தார். உண்மையான நிறுவனம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அன்று சொல்லப்பட்டவற்றில் மிக நல்ல செய்தி அந்தப் பொய்தான் என்று நினைத்த நோயாளிகள் இருந்திருப்பார்கள்.

நாம் எல்லோரும் ஒருவரையொருவர் முன்பைவிட அதிகமாகச் சரிபார்க்கிறோம். காய்கறி கொண்டுவருகிற பையனின் பெயர், படம், வண்டி எண், அவனுக்குப் பிறர் போட்ட மதிப்பெண் எல்லாம் அவன் வாசலுக்கு வரும் முன்பே நம் கையில் இருக்கின்றன. வந்து நின்றவனிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்குள் கதவைச் சாத்திவிடுகிறோம். இவ்வளவு தெரிந்துகொண்டது எதற்கு என்று நான் சில நாள் யோசிப்பதுண்டு. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் எத்தனை பேர் என்று அவனிடம் கேட்டுவிடவும் துணிவில்லை; கூப்பிடாதவர்களில் நானும் ஒருவன்.

தளத்திலிருந்து மூன்றாவது நினைவூட்டல் வந்திருக்கிறது. கணக்கில் உள்ள பெயரை அட்டைக்கு ஏற்ப மாற்றலாம், அல்லது அட்டையில் உள்ள பெயரைக் கணக்குக்கு ஏற்ப மாற்றிவிட்டு மறுபடி முயலலாம் என்று பணிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆதாரில் ஒருவர் தன் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் திருத்திக்கொள்ளலாம். என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அதை ஆங்கில எழுத்தில் சரியாக எழுதவைப்பதற்கு ஒரு முறையைச் செலவழித்துவிட்டேன். இன்னும் ஒன்று மீதி இருக்கிறது.